பீரங்கிக்காரர் வீடு
அத்தியாயம் 11

கடற்படையிலிருந்து ஸ்வீட்டிக்கு அழைப்பு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. வேளா வேளைக்குச் சாப்பாடு தட்டில் விழும். துவைத்த துணி மடித்துக் கட்டிலில் இருக்கும். பேச்சு மட்டும் கிடையாது. "போறதுன்னா போ. நான் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன்" என்று ஹில்டா சொன்னதே கடைசி வார்த்தை.

இன்று ஸ்வீட்டி புறப்படுகிறாள். பிற்பகல் ரயிலில் பெங்களூரு. அங்கிருந்து ஒடிசா, சில்காவில் இருக்கும் பயிற்சி முகாம்.

காலையிலேயே அவள் பிலோமினா கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டாள். ஹில்டா சமையலறையில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு லீவு கூடச் சொல்லவில்லை. மகள் ரயில் ஏறும் நேரத்தில் தான் வார்டில் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே மதிய டியூட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஹாலில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

ஓடி வந்து பார்த்தால், அவளுடைய மாமனார் சூசைநாதன் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி. இடது கையில் ரத்தம். சுற்றிலும் கண்ணாடித் துண்டுகள்.

"மாமா! இந்த வயசுல நாற்காலி மேல ஏன் ஏறினீங்க? என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பியா?"

ஹில்டா பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபத்திலும் அவள் விரல்கள் பதறாது. இருபது வருடங்களுக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்த கை.

உடைந்து கிடந்தது, இயேசு படத்துக்குக் கீழே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம். அதற்குள் சிவப்பு வெல்வெட்டில் இரண்டு பதக்கங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். விக்டோரியா ராணியின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று. ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் ஒன்று. இரண்டும் சூசைநாதனின் தாத்தா அருளப்பனுக்குக் கிடைத்தவை. நாகப்பட்டினத்தில் பிறந்து, ராணியின் கடற்படைக் கப்பலில் எகிப்து வரை போய், பீரங்கி சுட்டுச் சண்டை போட்டு, பிற்காலத்தில் மைசூருக்கு வந்து குடியேறியவர் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. என்.ஆர். மொஹல்லாவின் அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் பீரங்கிக்காரர் வீடு என்றுதான் கை காட்டுவார்கள்.

ஹில்டாவுக்கு அந்தச் சட்டத்தைக் கண்டாலே ஆகாது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்துதான் அவள் கணவன் டேவிஸ் கப்பல் வேலைக்குப் போனான். சரக்குக் கப்பல், எஞ்சின் அறையில் வேலை. ஸ்வீட்டி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நடுக்கடலில் அந்த எஞ்சின் அறை தீப்பிடித்தது. சீல் வைத்த பெட்டிதான் வீட்டுக்கு வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். எத்தனையோ பேருக்குக் கடைசியாகக் கண்ணை மூடிவிட்டவள், சொந்தப் புருஷன் முகத்தைப் பார்க்காமலே மண் போட்டாள்.

கட்டுப் போட்டு முடித்ததும் துண்டுகளைப் பொறுக்க உட்கார்ந்தாள். வெல்வெட்டிலிருந்து பெயர்ந்து வெள்ளிப் பதக்கம் தனியாக உருண்டு கிடந்தது. எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. விளிம்பில் விரல் பட்டபோது ஏதோ நெருடியது. மருந்துக் குப்பிகளில் பொடி எழுத்தைப் படித்துப் பழகிய கண். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"மாமா, ஓரத்துல சுத்தி எழுத்து வெட்டியிருக்கு. இங்கிலீஷ்."

"எழுத்தா?" சூசைநாதன் நிமிர்ந்தார். "எங்கப்பா காலத்துல ஒட்டினது. நான் இத வெளிய எடுத்துப் பாத்ததே இல்லையே. என்ன எழுதியிருக்கு?"

"ஏ, ஆர்... அப்புறம் அழுக்கு அடைச்சிருக்கு. தெரியல."

"தாத்தா பேரு!" என்றார். "சுரேந்தர்கிட்ட காட்டினா படிச்சிடுவான். குழந்தை கிளம்பறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம் ஹில்டா."

சுரேந்தர் என்ற பெயர் ஹில்டாவுக்கு வேப்பங்காய். கொள்ளேகால்காரர். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, பன்னிமண்டபத்தில் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். ஸ்வீட்டியைத் தேர்வுக்குத் தயார் செய்தவர் அவர்தான்.

"நான் அவர் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்."

"சரி. நான் போறேன்."

கட்டுப் போட்ட கையோடு அவர் எழுந்து செருப்பைத் தேடினார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்ற ஹில்டா, பதக்கங்களை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

*

"வாங்க சிஸ்டர். வாங்கய்யா" என்று சுரேந்தர் எழுந்து நின்றார். ஹில்டா வந்ததில் அவருக்கு ஆச்சரியம். காட்டிக்கொள்ளவில்லை.

பதக்கத்தை உள்ளங்கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. பழைய பனியன் துணியை லேசாக நனைத்து விளிம்பை மெதுவாக ஒற்றினார். "பாலீஷ் எதுவும் போடக் கூடாதுங்க. எழுத்து தேஞ்சு போயிடும்." பிறகு மொபைல் வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தார்.

முதலில் பின்பக்கத்தைக் காட்டினார். மனித முகத்தோடு ஒரு சிங்கம் படுத்திருந்தது. மேலே எகிப்து என்று பெயர். கீழே 1882.

"அந்த வருஷம் இங்கிலீஷ்காரங்க எகிப்து மேல படையெடுத்தாங்க. நம்ம சிப்பாய்ங்களை பம்பாயில ஏத்திக்கிட்டுக் கப்பலுங்க செங்கடல் வழியா சூயஸுக்குப் போச்சு. அதுல போனவருக்குக் குடுத்ததுங்க இது. இந்த நட்சத்திரம் எகிப்து ராஜா குடுத்தது. அதுல பேரு வெட்ட மாட்டாங்க. ராணி மெடல்ல வெட்டுவாங்க."

"பேரைப் படிப்பா" என்றார் சூசைநாதன்.

சுரேந்தர் பதக்கத்தை மெல்லச் சுழற்றினார்.

"அருளப்பன். எழுத்து கொஞ்சம் தப்பு. ஆனா அருளப்பன்தானுங்க. அதுக்கப்புறம் அவரு வேலை போட்டிருக்கு." ஒரு நொடி நிறுத்தினார். "ஸ்டோக்கர்."

சூசைநாதன் பதக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"பீரங்கிக்காரர்னு போடலையா?"

"இல்லைங்கய்யா. அதுக்கு வேற பேரு. இது ஸ்டோக்கர்தான். தெளிவா இருக்கு." சுரேந்தர் தயங்கித் தயங்கி விளக்கினார். "ஸ்டோக்கர்னா கப்பலுக்கு அடியில, பாய்லர்ல..."

"தெரியும்" என்றார் சூசைநாதன்.

அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வேயில் நீராவி எஞ்சின் ஓடிய காலம் முழுக்க அவர் ஃபயர்மேன். மைசூரிலிருந்து அரசிக்கெரே வரை ஓடும் வண்டியில் நின்றபடியே கரி அள்ளிப் போட்டவர்.

"அடுப்புக் கதவைத் திறந்தா இமை முடி கருகும்" என்றார் மெதுவாக. "அள்ளிப் போட்டதும் உடனே மூடணும். மூடலைன்னா உள்ள குளுந்து போயிடும். எங்களுக்காவது ரெண்டு பக்கமும் காத்து வரும். கப்பலுக்கு அடியில?"

"காத்தே கிடையாதுங்க. அதுவும் ஆகஸ்ட் மாசச் செங்கடல். மேல்தட்டுலயே நிக்க முடியாது. வெள்ளைக்காரங்களால தாங்க முடியாதுன்னுதான் நம்ம ஆளுங்களையும் ஆப்பிரிக்கா ஆளுங்களையும் பாய்லர்கிட்ட விட்டாங்க. மயங்கி விழுந்தவனைக் கயித்துல கட்டி மேல தூக்குவாங்களாம். தண்ணி ஊத்தித் தெளிஞ்சதும் திரும்பக் கீழ இறக்கிடுவாங்க."

"சண்டை?"

"கண்ணால பாத்திருக்க மாட்டாருங்க. மேல சுடறப்போ கீழ கப்பல் அதிரும். சத்தம் கேக்கும். யாரு யாரைச் சுடறான்னு தெரியாது. கரியைப் போட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

ஹில்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே இருந்தவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. டேவிஸுக்கும் தெரிந்திருக்காது. முதலில் புகை வந்ததா, சத்தம் வந்ததா, விளக்கு அணைந்ததா? இத்தனை வருடங்களில் அவள் இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆளும் இருந்ததில்லை.

சூசைநாதன் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் தோள்கள் குலுங்கின. அது சிரிப்பாக இல்லை.

"மாமா..."

"ஃபயர்மேன் வேலை கிடைச்ச அன்னிக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன் ஹில்டா. எங்கப்பா அதைத் தொடலை. பீரங்கி புடிச்சவரோட பேரன் கரி அள்ளப் போறானேன்னு அழுதார். என் யூனிஃபார்ம் கண்ணுல பட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவார். அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் நான் கொல்லப்பக்கமா வந்து, குளிச்சிட்டுத்தான் ஹாலுக்குள்ள வருவேன். இவருக்கு முன்னாடி" என்று பதக்கத்தைக் காட்டினார், "கரியோட நிக்கக் கூடாதுன்னு."

பதக்கத்தை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சேதான் மறைச்சாரோ? இல்ல, அவருக்கும் யாராவது இப்படித்தான் சொல்லி வெச்சாங்களோ?" கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவரும் என்னை மாதிரிதான். என்னை மாதிரியேதான்."

கிழவரைத் தேற்ற வேண்டும் என்று சுரேந்தர் நினைத்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"பெருமைதானுங்கய்யா. உங்க தாத்தா, நீங்க, உங்க பையன்னு நெருப்புக்கிட்ட நின்ன வம்சம். ஸ்வீட்டியும் பாருங்க, பயிற்சி முடிஞ்சு பிரிவு கேக்கறப்போ எஞ்சின்தான் கேப்பேன்னு பிடிவாதமா இருக்கா."

ஹில்டா திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

சுரேந்தருக்கு அப்போதுதான் உறைத்தது. "சிஸ்டர்... உங்ககிட்ட சொல்லலைங்களா?"

*

ஆட்டோவில் ஹில்டா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுச் சந்து திரும்பும்போது சூசைநாதன் சொன்னார்: "அவ எஞ்சின் கேக்கப் போறது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா."

"தெரியும் மாமா. தெரிஞ்சிருந்தா உங்க மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும்."

ஸ்வீட்டி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். தாத்தாவின் கையைப் பார்த்துப் பதறினாள். "ஏனாயித்து தாத்தா? எப்படி அடிபட்டுச்சு?" அவசரத்தில் அவளுக்கு எப்போதும் கன்னடம்தான் முதலில் வரும். அவர் ஏதோ சமாளித்தார்.

ஹில்டா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எஞ்சின் பற்றிக் கேட்க நினைத்தாள். இப்போது வாயைத் திறந்தால் அது கேள்வியாக வராது, சாபமாகத்தான் வரும் என்று பயந்தாள். கையைக் கழுவிக்கொண்டு யூனிஃபார்மை மாற்றப் போய்விட்டாள்.

மூடிக் கிடந்த கதவின் முன்னால் ஸ்வீட்டி வந்து நின்றாள்.

"போயிட்டு வர்றேம்மா."

ஹில்டா உள்ளே யூனிஃபார்ம் பொத்தான்களை மாட்டினாள். தாத்தாவும் பேத்தியும் ஆட்டோ ஏறும் சத்தம் மட்டும் ஹில்டாவுக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குத்தான் ஸ்கூட்டரை எடுத்தாள். பாதி வழியில், சிக்னலுக்கு நின்றபோது, முன்னால் ஒரு பெண் தன் சின்னப் பிள்ளையை வண்டியில் உட்காரவைத்துத் தலையில் குல்லா மாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது. அவளும் சளைக்காமல் மாட்டிக்கொண்டே இருந்தாள். பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஹில்டா ஸ்கூட்டரை ஸ்டேஷன் பக்கம் திருப்பினாள்.

*

வெள்ளை யூனிஃபார்மோடு கூட்டத்தில் அம்மா வருவதை முதலில் பார்த்தது ஸ்வீட்டிதான். எழுந்து நின்றாள். சூசைநாதன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எஞ்சின் கேக்கப் போறியா?"

ஸ்வீட்டி முகம் வெளுத்தது. "யாரு சொன்னாங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆமா."

"உங்கப்பா எங்க செத்தார்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ஸ்வீட்டி பெட்டியைப் பெஞ்சோரம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா லீவுக்கு வந்தா என்னை மடியில வெச்சுக்கிட்டு எஞ்சின் எப்படி ஓடுதுன்னு சொல்லுவார். எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா அதைச் சொல்றப்போ அவர் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். உன் வார்டுல பொழைக்க மாட்டாருன்னு நெனச்சவர் நடந்து வீட்டுக்குப் போனா, அன்னிக்கு உன் மூஞ்சி இருக்குமே, அந்த மாதிரி. எனக்கும் அந்த மாதிரி ஒரு வேலை வேணும்மா."

"தீப்பிடிக்கும் ஸ்வீட்டி."

"பிடிக்கும். பயமாத்தான் இருக்கு. கோவிட் டைம்ல நீ தினம் போனியே. நம்ம தெருவுல எத்தனை பேர் செத்தாங்க? நான் வாசல்ல நின்னு போக வேண்டாம்னு அழுதேன். நீ நின்னியா? திரும்பிக்கூடப் பாக்கலையேம்மா."

திரும்பிப் பார்த்திருந்தால் தன்னால் போயிருக்க முடியாது என்பதை ஹில்டா மகளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வரவில்லை.

வண்டி கிளம்பப் போவதாக அறிவிப்பு வந்தது. ஸ்வீட்டி தாத்தாவின் காலைத் தொட்டாள். அவர் அவள் நெற்றியில் சிலுவை போட்டார்.

"மெடல் குடுத்தனுப்புறேன்னு சொன்னீங்களே தாத்தா?"

"வீட்டுலயே வெச்சுட்டேன் கண்ணு. அதைச் சுமந்துட்டுப் போகாதே." அவள் கையைக் கட்டுப் போட்ட தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அங்க யாராவது எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா, கரி அள்ளினவங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு."

"பீரங்கிக்காரர்..?"

"உங்கம்மா சொல்லுவா."

ஸ்வீட்டி பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். திரும்பிக் கையசைக்கப் பார்த்தபோது அம்மா படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! டிக்கெட்?"

ஹில்டா உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் நனைந்து கசங்கிய ஒரு டிக்கெட். பிளாட்பார டிக்கெட் வாங்கத்தான் அவள் கவுன்டரில் நின்றாள். வாய் என்னவோ "பெங்களூரு, ஒண்ணு" என்று கேட்டுவிட்டது.

"டியூட்டி?"

"சோனியா சிஸ்டர் பாத்துக்குவா. மாமா, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், மாத்திரையை மறந்துடாதீங்க!"

"போம்மா, போ" என்று சூசைநாதன் கையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

*

எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஹில்டா பதக்கத்தைப் பற்றிச் சொன்னாள். விளிம்பில் இருந்த எழுத்து, செங்கடல் வெயில், கயிற்றில் கட்டித் தூக்கிய ஆட்கள், தாத்தா அழுதது எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் ஸ்வீட்டி, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "கோவப்படாதே."

"இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"பெங்களூரு ஸ்டேஷன்ல ஒருத்தர் எனக்காக நிப்பார். தருண்குமார்னு பேர். சுரேந்தர் சாரோட ஃப்ரெண்ட் மூலமா நான்தான் தேடிப் பிடிச்சேன். அப்பா கப்பல்ல வேலை செஞ்சவர்."

"மேல இருந்தவரா?"

"இல்லம்மா. அன்னிக்கு அப்பாகூடக் கீழ இருந்தவர்."

ஹில்டா மகளையே பார்த்தாள். "கீழ இருந்த ஒருத்தரும் தப்பிக்கலைன்னுதானே என்கிட்ட சொன்னாங்க?"

"இவர் ஒருத்தர் தப்பிச்சு வந்திருக்கார்மா. ரொம்ப நாள் ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இருந்தாராம். இத்தனை வருஷம் ஏன் எங்களைத் தேடி வரலைன்னு கேட்டேன். போன்ல அழுதுட்டார்." ஸ்வீட்டியின் குரல் கம்மியது. "அப்பாவைப் பத்தி எவ்வளவு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறார். 'டேவிஸ் கடைசியா ஒண்ணு சொல்லி அனுப்பினான். அதை உங்கம்மாகிட்டதான் சொல்லணும், வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு மட்டும் சொல்றார்."

ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தில் வண்டி ஏறியது. கீழே காவிரி. இரும்புச் சத்தத்தில் பெட்டிக்குள் எல்லாருடைய பேச்சும் அமுங்கியது. பாலம் முடியும்வரை ஹில்டா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"நீ வர மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேம்மா" என்றாள் ஸ்வீட்டி. "பரவாயில்ல, டேவிஸ் பொண்ணு முகத்தையாவது பாத்துட்டுப் போறேன்னு சொன்னார்."

ஹில்டா கண்ணைத் திறந்தாள். முந்தானை இல்லாத யூனிஃபார்மில் எதைக்கொண்டு முகத்தைத் துடைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"போனைப் போடு" என்றாள். "டேவிஸ் சம்சாரம் வந்துட்டிருக்கான்னு சொல்லு."